தும்மல் துளசியை அழவைத்த மகனுக்கு

கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கத்திவிட்டு வைத்த பிறகு நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். "நீயும் மானசியும் சேந்துகிட்டு எனக்கு தோகா குடுத்துட்டீங்க" என்றாய். கோபம் வந்தால் உனக்கு இந்திதான் வாயில் வரும். தமிழில் அதற்குத் துரோகம் என்று பெயர். எழுதி வைத்துக்கொள், இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றியதுதான். போனில் உனக்குப் பதில் சொல்ல முடியாது. நீ எப்போதும் நடுவில் புகுந்து பேசுகிறவன். கடிதத்தில் அது முடியாது. தமிழில்தான் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் உன்னால் படிக்க முடியும் என்று தெரியும். மொபைலில் படம் பிடித்து மொழிமாற்றிப் படிக்காதே. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வேகமாகப் படிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ அப்படி ஒருமுறை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்தார்களே, அதற்கு முந்தின நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன்னிடம் ஒன்று சொன்னேன். மறுநாள் கண் விழிப்பேனோ மாட்டேனோ என்ற பயம். என் அத்தை துளசியம்மா நாடகத்தில் நடித்தவள் என்று சொன்னேன். பத்து வயதில் நான் வாசலில் நின்று அவளை இல்லை என்று சொன்ன கதையைச் சொன்னேன். உன் அப்பாவோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவரிடம்கூட அதைச் சொன்னதில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா, ப்ராமிஸ்" என்றாய். நான் கேட்கவே இல்லை, நீயாகச் சொன்னாய். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிறு வலித்தது. ஆனாலும் உள்ளே ஏதோ இறங்கியிருந்தது. நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பாணேரில் உன் வீட்டிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்தாய். "மானசியோட புது நாடகம்மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்றாய். மருமகளாக வரப்போகிறவள் ஆபீஸ் வேலைக்குப் பிறகு உட்கார்ந்து எழுதிய நாடகம். மராத்தியாக இருந்தால் என்ன, புனே போபோடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு மராத்தி புரியாதா? கடுகு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். விளக்கு வந்து பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் நடமாடியது என் அத்தை. அதுவும் என் அத்தை இல்லை. அவளை ஒரு நாடகக் கம்பெனி முதலாளி வைத்துக்கொண்டிருக்கிறான், கைவிடுகிறான், அவள் அழுகிறாள். தலைவிரி கோலமாகப் பாடுகிறாள், அழுகிறாள். கடைசியில் தம்பி வீட்டுச் சமையலறையில் ஒளிந்துகொண்டு அழுகிறாள். அப்போது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண் வாசலுக்கு வந்து நிற்கிறாள். கிழவர் ஒருவர் வந்து விசாரிக்கிறார். அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறாள்: "அஷி இதே கோணீ நாஹீ." அப்படி யாரும் இங்கே இல்லை.

அறுபது வருஷத்துக்கு முன் நான் சொன்ன நாலு வார்த்தை, நாலு வார்த்தையாகவே மராத்தியில் என் முன்னால் வந்து நின்றது. கிழவர் வாசலிலேயே மடங்கி விழுந்தார். திரைக்குப் பின்னால் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் 'ச்சு' கொட்டி, "காய் முல்கீ ஆஹே!" என்றார். என்ன பெண்ணடி இவள் என்று அர்த்தம். என் பக்கம் திரும்பி, சரிதானே என்பதுபோலப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். கார்த்தி, நானும் தலையாட்டினேன்.

முடிந்ததும் உன்னை மேடைக்குக் கூப்பிட்டு, அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று சால்வை போட்டார்கள். திரும்பி வரும்போது காரில், "எப்டிம்மா இருந்துச்சு? அந்த டோர் சீன்ல எல்லாரும் அழுதுட்டாங்க, பாத்தியா?" என்று கேட்டாய். கால் வலிக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? அன்றிலிருந்து மூன்று வாரம் உன் போனை எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டதாக நினைத்திருப்பாய். கோபம் இல்லை. உன் குரலைக் கேட்டால் அந்த ப்ராமிஸ் ஞாபகம் வந்துவிடும்.

உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். உனக்குப் பிடித்த பெண் ஒரு நாள் உன் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவள் வீட்டில் இருப்பதுபோலப் படித்தவர்கள், எழுதுகிறவர்கள் நம் வீட்டில் யாருமில்லை. உன் தாத்தா ஆயுதத் தொழிற்சாலையில் கடைசல் பிடித்தவர். நான் கன்டோன்மென்ட்டில் ஒரு ஆபீஸில் ஃபைல் தூக்கினவள். அவளுக்குக் கொடுக்க உன்னிடம் பெரிதாக எதுவும் இல்லை என்று நினைத்து என்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டாய். மனைவியிடம் எதையும் மறைக்காதே என்று கல்யாணத்தில் எல்லோரும் உனக்குச் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. உன்னுடையதை மறைக்காதே. மற்றவர்கள் உன்னை நம்பி வைத்ததைத் தொடாதே. அது உன் பெட்டியில் இருந்தாலும் உன்னுடையது ஆகாது.

என் தப்பும் இதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். அழுகைப் பாதியை மட்டும் சொன்னேன். அதற்கு முன்னாலும் ஒன்று உண்டு. நீ ஐந்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் ஒட்டி வரச் சொன்னார்கள். பீரோவில் அத்தையின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இது யாரும்மா? மீசை வச்ச பொம்பள?" என்று கேட்டாய். யாரோ தெரிந்தவர்கள் என்று பிடுங்கி உள்ளே வைத்தேன். வாசலில் சொன்னதையேதான் பீரோ பக்கத்திலும் சொன்னேன். அப்போதே அவளைப் பற்றி உனக்கு முழுதாகச் சொல்லியிருந்தால், அழுகைக்காரி என்று யார் சொன்னாலும் நீ சிரித்திருப்பாய். இப்போதாவது சொல்கிறேன். அவள் என்னவாக இருந்தாள் என்று கேள்.

அத்தை என் அப்பாவுக்குப் பத்து வயது மூத்தவள். குடியாத்தம் பக்கம் நெசவுக்காரர்கள் நாங்கள். தாய் இறந்ததும், அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, பெண்கள் மட்டுமே நடிக்கும் ஒரு நாடகக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ராஜாவும் பெண், மந்திரியும் பெண், மீசை எல்லாம் கரி. கம்பெனியை நடத்திய அம்மாளை எல்லோரும் வாத்தியாரம்மா என்பார்கள். அத்தைக்குக் குரல் சுமார், முகமும் ராணிக்கு ஆகாது என்று தோழி வேஷம் கொடுத்தார்கள். விசிறியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு நாள் செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராணி அழும் காட்சி. சாம்பிராணிப் புகை கொஞ்சம் கூடிவிட்டது. ராணி உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்ற அத்தை தும்மிவிட்டாள். சின்னத் தும்மல் இல்லை. கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த மாடு மிரண்டது என்பாள். சனங்கள் சிரித்தார்கள். மேடை ஓரத்தில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவர் ஏகாம்பரம். கம்பெனியில் ஆண் என்றால் அவரும் மிருதங்கக்காரரும்தான். அவர் என்ன நினைத்தாரோ, தும்மலின் சுதியைப் பிடித்து ஒரு கட்டையை அழுத்தினார். அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். அடுத்த தும்மல் வந்தது, அதற்கு மேல் சுரத்தை அழுத்தினார். தரை டிக்கெட்டிலிருந்து யாரோ, குழந்தை தும்மினால் தாய் சொல்வதுபோல, "நூறு!" என்று கத்தினான். நூறு வயசு இரு என்று வாழ்த்துவது. அடுத்த தும்மலுக்குக் கொட்டகை முழுக்க "இருநூறு!" என்றது. செத்துக் கிடந்த பிள்ளையும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாம். திரையை இழுத்து மூடி வாத்தியாரம்மா அத்தையைக் கன்னத்தில் அறைந்தாள். மறுநாள் டிக்கெட் வாங்க வந்தவர்கள், "தும்முற பொண்ணு இன்னிக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு வாத்தியாரம்மா அறையவில்லை. தனியாக ஒரு காட்சி கொடுத்தாள்.

இதை அதிர்ஷ்டம் என்று நினைக்காதே. ஒரு தும்மலை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் சனங்களைச் சிரிக்கவைப்பது விளையாட்டா? அவள் ஊர் ஊராகப் போய் யார் எப்படித் தும்முகிறார்கள் என்று பார்த்தாள். மாமியார் எதிரில் மருமகள் தும்மும்போது சுண்டெலி கத்துவதுபோல மூக்குக்குள்ளேயே முடிந்துவிடும். ஜமீன்தார் தும்முவதற்கு முன் நாலு பேர் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார். திருடனுக்குத் தும்மல் வரும், போலீஸ்காரன் பழக்கத்தில் 'நூறு' என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் பிடிப்பான். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது என்று ஒரு வீட்டில் மாப்பிள்ளை விடியவிடியப் புறப்பட்டுக்கொண்டே இருப்பான். எல்லா வேஷமும் அவள் ஒருத்தியே. எதிரே பேசுகிறவர் ஏகாம்பரம். அவர் மேடை ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை போடுவார், அத்தை நாலு வார்த்தை திருப்புவாள். எழுதி வைத்தது எதுவும் கிடையாது. சுவரொட்டியில் ராணியின் பெயருக்கு மேலே 'தும்மல் துளசி தோன்றுகிறார்' என்று பெரிதாகப் போட்டார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கத்திலிருந்து ஏறிய ஆட்கள் புழுதி படிந்த முகத்தோடு அப்படியே கொட்டகைக்கு வந்து உட்காருவார்களாம். கொழும்புக்குப் போனார்கள், ரங்கூனுக்குப் போனார்கள். இங்கே கட்கிக்கும் வந்து, பட்டாளத்துத் தமிழ்க்காரர்களுக்கும் தொழிற்சாலை ஆட்களுக்கும் ஒரு வாரம் நடித்தார்கள். அப்போதுதான் தம்பியை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாள். நாம் புனே தமிழர் ஆனது அப்படித்தான். அவளை எந்த முதலாளியும் வைத்துக்கொண்டதில்லை. அவள் கம்பெனிக்கு முதலாளியே ஒரு பொம்பளை. அந்த நாடகத்தில் இருந்த முதலாளி எங்கிருந்து வந்தான் என்று நீயாவது கேட்டிருக்க வேண்டாமா?

பேசும் படம் வந்தது. சென்னையில் ஒரு படக் கம்பெனி கூப்பிட்டு அனுப்பியது. போய் ஏழு விதமாகத் தும்மிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு தும்மலையும் நாலு தடவை செய்யச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. படம் வந்தபோது பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அதில் அத்தையின் ஏழு தும்மலையும் தும்மினாள். அத்தை டிக்கெட் வாங்கி உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது, "அழுகை வரலியா அத்தே?" என்று கேட்டேன். "இன்னாத்துக்கு அழுவணும்? அந்தப் பொண்ணு நல்லாத்தான் தும்முச்சு. ஆனா பதில் சொல்ல ஆளில்லாம தும்முச்சு. பாவம்" என்றாள்.

கம்பெனி கலைந்தது. அத்தை தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். என் அப்பா அதற்குள் போபோடியில் நாலு பேர் மதிக்கிற ஆளாகியிருந்தார், பஜனை மடத்தில் முன்னால் நின்று பாடுகிறவர். நாடகக்காரி என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. விதவை அக்கா என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்தார். கல்யாணமே ஆகாதவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள். "இதுவும் ஒரு பார்ட்டுதானே, உடு" என்றாளாம். சாகும்வரை அந்த வேஷத்தைக் கலைக்கவில்லை. கதவைச் சாத்தினால் மட்டும் பழைய ஆள். காய்கறி விற்கும் மராத்திக்காரி, ரேஷன் கடைக்காரர், பஜனையில் கண்ணை மூடிப் பாடும் என் அப்பா, எல்லோரும் எங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டுப் போவார்கள். அப்பா கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "போதும்க்கா, வெளிய கேக்கும்" என்பார்.

எனக்குப் பத்து வயதானபோது என் பெரியக்காவுக்கு அரக்கோணத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அதே சமயத்தில் ஏகாம்பரம் அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். சென்னையில் பழைய நாடகக்காரர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்கிறார்கள், துளசியம்மாவை நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று. அப்பா அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாராச்சும் கெழவர் வந்து நாடகக்காரின்னு கேட்டா, அப்டி யாரும் இங்க இல்லன்னு சொல்லிடு. அக்கா கல்யாணம் நடக்கணும் இல்ல?" என்றார். அக்கா கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மே மாத வெயில். அப்பா தொழிற்சாலையில், அம்மா குழாயடியில். அத்தை உள்ளே சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தார். துணிப்பை ஒன்று, வேர்த்து நனைந்த சட்டை. கட்கி ஸ்டேஷனிலிருந்து விசாரித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்.

"பாப்பா, இங்க துளசியம்மான்னு… நாடகத்துல நடிச்சவங்க…"

"அப்படி யாரும் இங்க இல்ல."

"தும்மல் துளசின்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும்மா."

"எனக்குத் தெரியாது."

இதுவரைதான் உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததைச் சில நாள் முன்புவரை யாருக்கும் சொன்னதில்லை. அவர் அழவில்லை, மடங்கி விழவுமில்லை. மிளகாய் நெடி வாசலுக்கு வந்தது. அவர் தும்மினார். தும்மிவிட்டு, போகாமல் நின்றார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, வீட்டுக்குள்ளிருந்து ஏதோ வரவேண்டும் என்பதுபோல நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கரண்டிகூட நின்றுவிட்டது. அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம். எந்தக் குழந்தை தும்மினாலும் சொல்வதுதானே. சொல்லவில்லை. "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே ஓடினேன். அத்தை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் ரத்தமாகச் சிவந்து, கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த நெடியில் யாருக்கும் தும்மல் வரும். அவளுக்கும் வந்திருக்கிறது. அவள் தும்மியிருந்தால் அவர் ஒரே நொடியில் கண்டுபிடித்திருப்பார். என் பொய் சந்தியில் நின்றிருக்கும். நான் பொய்க்காரி ஆகக்கூடாது என்று அவள் தும்மலை அடக்கினாள். தும்மலால் பேர் வாங்கியவள். பிறகு முந்தானையை எடுத்தாள். அடுக்கு அதிர ஒரு தும்மல் வந்தது. நான் சிரித்துவிட்டேன். பத்து வயது, பயத்திலும் சிரிப்பு வரும். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம், "செருப்பு போட்டுகினு இருந்தானாடி?" என்று கேட்டாள். "இல்ல அத்தே" என்றேன். தலையை ஆட்டிவிட்டு மிளகாயைக் கிளறப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தாள். அந்த நாளைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று சொல்ல நாலு வருஷம் இருந்தது, சொல்லவில்லை.

உன் போனை நான் எடுக்காததைப் பார்த்து மானசி ஒரு நாள் மெட்ரோவில் ஏறித் தனியாக வந்தாள். கையில் பாகர்வடி பலகாரப் பொட்டலம். "காக்கூ, உங்களுக்கு நாடகம் பிடிக்கலியா?" என்று கேட்டாள். அந்தச் சின்னப் பெண் நான்தான் என்றேன். அவளுக்குத் தெரியும், நீ சொல்லியிருக்கிறாய். ஆனால் நான் கண்கலங்கியதைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "கார்த்திக் உங்ககிட்ட கேட்டேன்னு சொன்னானே? அம்மா சந்தோஷமா சரின்னு சொன்னாங்கன்னு சொன்னானே?" என்றாள்.

நீ என்னிடம் கேட்டதே இல்லை, கார்த்தி. அதுவரை என்னிடம் செய்ததை வாய்தவறி நடந்தது என்று மன்னித்துக்கொண்டிருந்தேன். அவளிடமும் பொய் சொல்லியிருக்கிறாய் என்று தெரிந்தபோதுதான் உண்மையிலேயே எனக்கு வலித்தது. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை, அவளுக்கே தெரியாமல் உன் குற்றத்தில் பங்காளி ஆக்கியிருக்கிறாய். அவள் என் காலைத் தொட்டாள். "அந்தக் காட்சியை எடுத்துடறேன், காக்கூ. நாடகத்தையே நிறுத்தணும்னாலும் நிறுத்தறேன்" என்றாள். முதலாளியைப் பற்றிக் கேட்டேன். அது தானாகச் சேர்த்தது என்று ஒப்புக்கொண்டாள். "ஒரு நடிகையோட கதைன்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். நிறுத்த வேண்டாம் என்றேன். உட்கார வைத்து, மேலே உனக்கு எழுதியதையெல்லாம் என் போபோடி மராத்தியில் சொன்னேன். ஜமீன்தார் தும்மலைச் செய்து காட்டினேன். சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். அந்த மீசைப் புகைப்படத்தை நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த பத்து நாளில் நாடகத்தைத் திருப்பி எழுதினாள். நீ அப்போது ஆபீஸ் வேலையாக பெங்களூரில் இருந்தாய். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னது நான்தான், அவள்மேல் கோபப்படாதே. போன சனிக்கிழமை நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதலாளி போய்விட்டான். அத்தையாக நடித்த பெண் பகலில் பேங்கில் வேலை பார்க்கிறவள், தும்மித் தும்மிக் கொட்டகையைக் கவிழ்த்துவிட்டாள். மேடையில் இருந்தவர்கள் 'நூறு' என்று தமிழிலேயே கத்தினார்கள். மூன்றாவது தும்மலில் சபையும் சேர்ந்து கத்த ஆரம்பித்தது, மராத்தி நாக்கில் 'நூரு, நூரு' என்று. நானும் கத்தினேன். கடைசியில் வாசல் காட்சி வந்தது. அந்தச் சின்னப் பெண் அதே வார்த்தையைச் சொன்னாள். கிழவர் தும்மினார். சபையில் பழக்கத்தில் நாலைந்து பேர் 'நூ…' என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அரங்கத்தில் எழுந்த அமைதியை நான் அந்த வாசலில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். யாரும் 'ச்சு' கொட்டவில்லை. அந்தப் பெண்ணை யாரும் திட்டவில்லை. அவளைப்போலவே தாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தது அவர்களுக்கே தெரிந்தது.

இதைத்தான் நீ யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னக் கேக்காம எப்டி மாத்தினீங்க, அது என் ஃபேமிலி ஸ்டோரி" என்று கத்தினாய். கேட்காமல் செய்வது எவ்வளவு வலிக்கும் என்று உனக்கு இப்போது ஒரு வாரமாகத் தெரியும். எனக்கு ஒரு மாதமாகத் தெரியும். உனக்கு அந்த வலியைக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். தாய் என்றால் அப்படி நினைக்கக் கூடாது என்பார்கள். நினைத்தேன்.

கல்யாணத்துக்கு வருவேன். அட்சதை போடுவேன், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவேன், படத்துக்குச் சிரிப்பேன். மனதோடுதான் செய்வேன், நீ என் பிள்ளை. ஆனால் பழையபடி உன்னிடம் எதையும் சொல்ல எனக்கு வரவில்லை. போன வாரம் டாக்டர் சொன்னதைக்கூட, சாதாரணமானதுதான், பக்கத்து வீட்டு அம்மாளிடம்தான் சொன்னேன். இது சரியாக எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ மன்னிப்புக் கேட்டால் கேட்டுக்கொள்வேன். அதனால் உடனே சரியாகிவிடாது. மானசியிடமும் கேள், என்னிடம் கேட்பதற்கு முன்னால்.

அத்தைக்கும் ஏகாம்பரத்துக்கும் நடுவில் என்ன இருந்தது என்று நாடகம் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்களாம். எனக்குத் தெரியும். அத்தை சாவதற்கு முந்தின வருஷம் ஒரு மத்தியானம் சொன்னாள். நாடகத்தில் அது வராது. மானசியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், உனக்கும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள், ப்ராமிஸ் என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்த வரியைப் படிக்கிறவரை அப்படி ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது, இல்லையா?

அம்மா